தறியும் ஊசியும் இல்லாமல் ஒரு கம்பளி ஸ்கார்ஃப்

கம்பளி ஸ்கார்ஃப் என்றதும் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, “அரிக்காதா?” என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. ஊரில் நாம் பார்த்த கம்பளி, குறும்பாட்டு மயிரை நூற்று, தறியில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியது. ஆடு மேய்க்கிறவருக்கு மழை, பனி, வெயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். ஆனால் அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார முடியாது.

அரிப்புக்குக் காரணம் இழையின் தடிமன். 30 மைக்ரானைத் தாண்டிய இழைகள் வளைந்து கொடுக்காமல் தோலில் குத்தும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு துணியில் அப்படிப்பட்ட தடித்த இழைகள் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் பலருக்கும் உறுத்த ஆரம்பித்துவிடும். மெரினோ ஆட்டின் மயிர் 24 மைக்ரானுக்குக் கீழேதான் இருக்கும். நம் தலைமயிரில் மூன்றில் ஒரு பங்கு கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் படுகிற துணிக்கு 18, 19 மைக்ரான் மெரினோ வாங்கினால் அரிப்பு என்ற பேச்சே வராது. எனக்குச் சரும ஒவ்வாமை உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் இருப்பது மெல்பர்னில். இங்கே குளிர்காலத்தில் பனி கொட்டாது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தெற்கிலிருந்து வீசுகிற காற்று காதுக்குக் கீழே புகுந்து கழுத்தைப் பிடித்துவிடும். பக்கத்தில் உள்ள சமூகக் கூடத்தில் ஈர ஃபெல்ட்டிங் வகுப்பு நடத்துகிறார்கள் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தேன். எனக்குப் பின்னல் வராது, குரோஷே வராது, தையல் மெஷினில் நேர்க்கோடு போட்டாலே கோணும். இதில் அது எதுவும் வேண்டாம் என்பதுதான் முதல் ஈர்ப்பு. கம்பளி இழையை விரித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, தேய்த்து, உருட்டினால் துணி வந்துவிடுகிறது. நூலே கிடையாது.

எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை சுலபமாகிவிடும். ஒவ்வொரு கம்பளி இழையின் மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு, எல்லாம் வேரிலிருந்து நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பின் காரமும் சேர்ந்தால் இழை ஊறி, நெகிழ்ந்து, செதில் தூக்கிக்கொள்ளும். அந்த நிலையில் அசைத்தால் இழை வேர்ப் பக்கமாக நகரும். திரும்பி வர நினைத்தால் செதில் விடாது. ஒருவழிப் பாதை. ஆயிரக்கணக்கான இழைகள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து மாட்டிக்கொள்வதுதான் ஃபெல்ட். மாட்டியதைப் பிரிக்க முடியாது. கம்பளி ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில், மெஷினில் போட்டால் பொம்மைக்குப் போடுகிற அளவில் வெளியே வருகிறதே, அதுவும் இதே காரியம்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் கிடைக்கிறது. இழைகள் இடம் தேடி நகர வேண்டிய கட்டம் ஒன்று, நகர்ந்தவை இறுக வேண்டிய கட்டம் ஒன்று. முதல் கட்டத்தில் பலம் காட்டினால் இழை அலைந்து, மேடும் பள்ளமும் ஓட்டையுமாகத் துணி வரும். எங்கள் ஆசிரியை எழுபதைத் தாண்டியவர். வகுப்பில் யாராவது கையை அழுத்தினால் பக்கத்தில் வந்து நிற்பார்: “உன் பலத்தையெல்லாம் கடைசி அரை மணிக்கு எடுத்து வைத்துக்கொள்.”

கம்பளி வாங்கும்போது கேட்க வேண்டியது மெரினோ டாப்ஸ். கழுவி, சீவி, இழைகள் எல்லாம் ஒரே திசையில் படிந்த நீளமான கயிறாக வரும். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பஞ்சமில்லை. மெரினோ ஆடுகள் 1797-லேயே இந்த மண்ணில் வந்து இறங்கியவை. ஒவ்வொரு ஜூலையும் பெண்டிகோ ஊரில் நடக்கிற செம்மறி ஆடு, கம்பளிக் கண்காட்சிக்குப் போனால் ஒரு பக்கம் ஆடுகளுக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருப்பார்கள், இன்னொரு பக்கம் சாயமேற்றிய கம்பளி மலை மலையாகக் குவிந்திருக்கும். கையில் இருக்கிற காசுக்கு மட்டும் போவது நல்லது, கார்டை வீட்டில் வைத்துவிடுங்கள். ஆட்டின் பின்பக்கத் தோலை அறுத்தெடுக்கிற முல்சிங் வழக்கம் பிடிக்காதவர்கள், முல்சிங் செய்யாத பண்ணைக் கம்பளியா என்று கேட்டு வாங்கலாம். நான் கேட்டுத்தான் வாங்குகிறேன். அதிக விலை இல்லை.

‘சூப்பர்வாஷ்’ என்று லேபிளில் இருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள். மெஷினில் துவைத்தாலும் சுருங்கக் கூடாது என்பதற்காகக் குளோரின் ஏற்றிச் செதிலைக் கரைத்து, மேலே பிசின் பூசிய கம்பளி அது. நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒட்டாது. அக்ரிலிக்கும் அப்படியே. சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை இழையை எடுத்து, உள்ளங்கையில் சோப்பும் சுடுதண்ணீரும் விட்டு உருண்டையாக உருட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டியாக வேண்டும்.

மற்ற சாமான்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைக்கும். பார்சலில் வருகிற குமிழ் பிளாஸ்டிக் ஷீட், பழைய நைலான் கொசுவலை, இரண்டு மூன்று பழைய டவல், மூடியில் துளை போட்ட தண்ணீர் பாட்டில், உருட்டுவதற்கு ஒரு பிவிசி குழாய் அல்லது நீச்சல் குளத்தில் குழந்தைகள் பிடித்துக்கொள்கிற நுரைக்குழாய், கட்டுவதற்குக் கிழிந்த ஸ்டாக்கிங்ஸ், சமையலறைத் தராசு. ஆலிவ் எண்ணெய் சோப்பைத் துருவிச் சுடுதண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால் கை வறளாது. துணி சோப்புக் கட்டியும் வேலை செய்யும், ஆனால் மறுநாள் விரல் நுனியெல்லாம் உரியும். வாஷிங் பவுடர் வேண்டாம். கறையைத் தின்னுவதற்காக அதில் சேர்க்கிற நொதி, கம்பளியின் புரதத்தையும் தின்னும்.

எல்லோரும் தாண்டிப் போக நினைப்பது மாதிரித் துண்டு. தாண்டாதீர்கள். ஃபெல்ட் எவ்வளவு சுருங்கும் என்பது கம்பளி, அடுக்கின் கனம், செய்கிற கை மூன்றையும் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்கு சாதாரணமாகப் போகும். பாதி போவதும் உண்டு. கம்பளியை எவ்வளவு மெல்லியதாக விரிக்கிறோமோ அவ்வளவு அதிகமாகச் சுருங்கும், ஏனென்றால் இழைகளுக்கு நகர இடம் நிறைய இருக்கிறது. அதனால் 30 செ.மீ. சதுரத்தில் 6 கிராம் கம்பளியை விரித்து, கடைசிக் கட்டம் வரை செய்து, காயவைத்து அளந்து பாருங்கள். 20 செ.மீ. வந்தது என்றால் உங்கள் கணக்கு ஒன்றரை மடங்கு. முடிந்த ஸ்கார்ஃப் 150 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம் வேண்டுமானால் விரிக்க வேண்டியது 225-க்கு 36. அந்தப் பரப்பு மாதிரித் துண்டைப் போல ஒன்பது மடங்கு, ஆகவே 54 கிராம். ஓரத்துக்கும் தேய்மானத்துக்கும் சேர்த்து 60 கிராம் எடுத்து வைத்துக்கொண்டால் கவலை இல்லை. இன்னொரு லாபம், அந்தத் துண்டைக் கழுத்தில் வைத்துப் பார்க்கலாம். விறைப்பாக இருந்தால் கம்பளியைக் குறைக்க வேண்டும். தொங்கவிட்டால் மடிந்து விழ வேண்டும், அதுதான் ஸ்கார்ஃபுக்கு அழகு.

இடம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டேகால் மீட்டர் மேசை எல்லார் வீட்டிலும் இருக்காது. சாப்பாட்டு மேசையோடு இன்னொன்றை ஒட்டிப் போடுங்கள். உயரம் முக்கியம். தாழ்ந்த மேசையில் குனிந்து ஒரு மணி நேரம் நின்றால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அடுத்தது காற்று. மெல்பர்ன் வீடுகளில் தரையில் இருக்கிற ஓட்டைகள் வழியாகத்தான் ஹீட்டர் சூடான காற்றை ஊதும். மேசைக்குக் கீழே அப்படி ஓர் ஓட்டை இருந்து, பாதி விரித்திருக்கும்போது தெர்மோஸ்டாட் தானாக உயிர் பெற்றால் கம்பளி கூரைக்குப் போய்விடும். ஊரில் செய்கிறவர்கள் ஃபேனை அணைத்துவிட்டு உட்காருங்கள். கை முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் இழை விரலோடு வரும்.

விரிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டாப்ஸ் கயிற்றை ஒரு கையில் லேசாகப் பிடித்து, நுனியை மற்றக் கையின் விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் அகலமாகப் பற்றி இழுக்க வேண்டும். இரண்டு கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மெரினோ இழை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம். கைகள் நெருங்கிவிட்டால் ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுவீர்கள், வராது. சரியாக இழுத்தால் சத்தமே இல்லாமல் ஒரு மெல்லிய விசிறி கையோடு வரும், அதன் வழியாக மேசையின் நிறம் தெரிய வேண்டும். அதை ஷீட்டின் மேல் வைத்து, அடுத்ததை அதன் நுனியில் பாதி ஏறும்படி, ஓடு வேய்கிற மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டு போக வேண்டும். முதல் அடுக்கு நீளவாக்கில், இரண்டாவது அகலவாக்கில். இரண்டு மெல்லிய அடுக்கு ஸ்கார்ஃபுக்குப் போதும். கம்பளியைத் தொடங்கும் முன்பே எடை போட்டு, நான்கு பங்காகப் பிரித்து வைத்துவிடுங்கள்: அடுக்குக்கு இரண்டு, அதில் ஸ்கார்ஃபின் பாதிக்கு ஒன்று. இல்லாவிட்டால் முதல் பாதியில் தாராளமும் கடைசிப் பாதியில் கஞ்சத்தனமும் வரும்.

ஓர் அடுக்கு முடிந்ததும் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும். பள்ளத்தை அங்கேயே நிரப்பிவிட வேண்டும். பிறகு தானாகச் சரியாகிவிடும் என்று விட்டால் நடப்பது நேர் எதிர்: சுருங்கும்போது கனமான இடம் மெல்லிய இடத்தின் இழைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், பள்ளம் ஓட்டையாகிவிடும்.

வண்ணம் சேர்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் அழகாகக் கலக்கும்: நீலமும் பச்சையும், சிவப்பும் மாம்பழ மஞ்சளும். அரக்கையும் கிளிப்பச்சையையும் அடுக்கடுக்காக வைத்தால், பட்டுப்புடவையில் கண்ணைப் பறிக்கிற அந்தச் சேர்க்கை இங்கே சேறாகிவிடும். இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதால் தூரத்திலிருந்து கண் அதைப் பழுப்பாகத்தான் பார்க்கும். பளபளப்புக்குப் பட்டு இழை சேர்க்கலாம். பட்டுக்குச் செதில் கிடையாது, தானாக ஒட்டாது. அதன் மேல் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்குக் கம்பளி இழையைத் தூவிவிட்டால் அது பிடித்துக்கொள்ளும்.

இனித் தண்ணீர். கொசுவலையை மேலே போர்த்தி, கை பொறுக்கிற சூட்டில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி, உப்பலாக இருந்தது காகிதமாகப் படுத்துவிடும். படுக்காத இடத்தில் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் தேங்கி நின்றாலும் ஆகாது. இழைகள் மிதந்துகொண்டிருந்தால் ஒன்றை ஒன்று தொடாது. டவலால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நுரை பொங்கினாலும் இதே கதை, கை வழுக்கும், வேலை நடக்காது. கை வலையின் மேல் சறுக்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவு சோப்பு போதும்.

அடுத்த பதினைந்து இருபது நிமிடம் வெறுமனே தடவுவதுதான். விரல் நுனி எடை மட்டும். நடு நடுவே வலையைத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் இழை வலைக்குள் புகுந்து அதையும் சேர்த்து ஃபெல்ட் ஆக்கிவிடும். ஓரங்களை இந்த நேரத்தில் ஈரத்தோடு ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துவிட்டால் நேர்த்தியான கரை வரும். பிசிறாக விட்டாலும் ஒரு அழகு உண்டு. பாதி மடித்து, பாதி பிசிறாக விட்டால்தான் அரைகுறையாகத் தெரியும்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயத்தில் ஒரு ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கைகட்டிப் பார்த்தாள்.

“என்னடி தடவிண்டே இருக்கே? நகரு, நான் நாலு கசக்கு கசக்கித் தரேன்.”

“ஐயோ, கசக்கக் கூடாதும்மா. இப்போ கசக்கினா போச்சு.”

“துணின்னா கசக்கத்தானே வேணும்?”

“இன்னும் துணியாகலையே.”

அம்மா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பதில் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனால் உருட்டுகிற கட்டம் வந்ததும் அவள் ராஜ்யம்தான்.

உருட்டுவது இப்படி. வலையை எடுத்துவிட்டு, குமிழ் ஷீட்டோடு சேர்த்து ஸ்கார்ஃபைக் குழாயைச் சுற்றிச் சுருட்டி, மேலே டவல் சுற்றி, மூன்று இடத்தில் ஸ்டாக்கிங்ஸால் கட்ட வேண்டும். மேசையில் வைத்து, முழங்கையிலிருந்து விரல் வரை முன்னும் பின்னும் நூறு முறை உருட்டி, பிரித்து, மடிப்பு விழுந்த இடத்தை நீவி, மறுமுனையிலிருந்து சுருட்டி மறுபடி நூறு. பிறகு பக்கத்தைத் திருப்பி அதேபோல் இரண்டு சுற்று. ஒவ்வொரு முறையும் பிரித்து நீவுவது அலுப்பாக இருக்கும், ஆனால் அதை விட்டால் உள்ளே விழுந்த மடிப்பு அப்படியே ஒட்டி நிரந்தரமாகிவிடும்.

அம்மா இதைச் சோபாவில் உட்கார்ந்து, கட்டைத் தரையில் போட்டு, இரண்டு பாதத்தாலும் உருட்டிக்கொண்டு சீரியல் பார்த்தாள். நான் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் ஃபெல்ட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் காலால்தான் செய்திருக்கிறார்கள். கிர்கிஸ்தானில் ஆலா கியீஸ் என்கிற கம்பள விரிப்பைச் செய்கிறவர்கள், நாணல் பாயில் கம்பளியைப் பரப்பி, கொதிக்கிற தண்ணீர் ஊற்றி, பாயோடு சுருட்டிக் கயிறு கட்டி, ஊரே சேர்ந்து மிதித்து உருட்டுவார்கள். அந்தக் கலையையும் அதன் கூடப்பிறந்த ஷிர்டாக் என்கிற ஃபெல்ட் விரிப்பையும் 2012-ல் யுனெஸ்கோ அவசரமாகக் காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. சைபீரியாவின் அல்தாய் மலையில், பாசிரிக் என்ற இடத்தில், பனியில் உறைந்த கல்லறைகளிலிருந்து எடுத்த ஃபெல்ட் சாமான்கள் சுமார் 2,300, 2,400 வருஷத்துக்கு முந்தியவை. அதில் கம்பளியாலேயே செய்த அன்னங்கள்கூட உண்டு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அம்மா வழியைத்தான் சிபாரிசு செய்வேன். கையால் உருட்டுவதைவிடச் சீக்கிரமும்கூட.

ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: எந்தத் திசையில் உருட்டுகிறோமோ அந்தத் திசையில்தான் துணி அதிகமாகச் சுருங்கும். ஸ்கார்ஃபை நீளவாக்கிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் குட்டையாகவும் அகலமாகவும் வரும், கடைசியில் மேஜை விரிப்பு என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான். அதனால் துணி ஓரளவு பிடித்ததும், நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்து நான்காக மடித்து, அகலவாக்கிலும் உருட்ட வேண்டும். தாளை வைக்க மறந்தால் மடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். கையில் டேப் இருக்கட்டும். சுருக்கம் எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கமாக உருட்டிச் சரிக்கட்டலாம்.

ஓரளவு பிடித்தது என்று எப்படித் தெரியும்? விரல் நுனியால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தனித்தனி இழையாகக் கையோடு வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. துணி மொத்தமாகத் தோலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் முடிந்தது. நடுவில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஓரங்கள்தான் எப்போதும் பின்தங்கும், மூலைகள் அதைவிட.

இப்போதுதான் கசக்கலாம். ஷீட், குழாய் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, வெறும் ஸ்கார்ஃபைச் சுடுதண்ணீரில் நனைத்து, பிழிந்து, சிங்க்கில் போட்டு மாவு பிசைகிற கையால் பிசையலாம். பிறகு தூக்கி மேசையில் எறியலாம். முதலில் ஒரு சாண் உயரத்திலிருந்து, துணி இறுக இறுக உயரத்தைக் கூட்டி. ஒவ்வொரு பத்துப் பதினைந்து எறிக்கும் ஒருமுறை விரித்து இழுத்துவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் வேகம் பயமுறுத்தும். ஒரு மணி நேரமாக அசையாதிருந்த துணி ஐந்து நிமிடத்தில் கண்ணெதிரே சுருங்கும். மேல்பரப்பில் நுண்ணிய பொடி மேடுகள் எழும்பி, வழுவழுப்புப் போய், துணிக்கு ஒரு கனம் வரும். கையில் எடுக்கும்போது ஈர இழை என்ற எண்ணம் போய்விடும். வேண்டிய அளவுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நிறுத்திவிடுவது என் வழக்கம். கழுவும்போதும் கொஞ்சம் சுருங்கும். போதாவிட்டால் இன்னும் சுருக்கலாம், அதிகமாகப் போனதை நீட்ட முடியாது. அம்மாவுக்கு இந்த வேலையைக் கொடுத்தேன், ஊர்த் துவைகல் இல்லையே என்ற குறை ஒன்றுதான் அவளுக்கு.

அலசல் பச்சைத் தண்ணீரில், சோப்பு வாசனை துளியும் இல்லாத வரை. கம்பளிக்குக் காரம் ஆகாது. சோப்பு தங்கினால் நாளடைவில் இழை பலவீனமாகிச் சொரசொரக்கும். அதனால் கடைசியில் ஒரு பேசின் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து, ஒருமுறை அலசினால் காரம் முறிந்து பளபளப்பும் திரும்பும். சிங்க் ஓட்டையில் வடிகட்டி போட மறக்காதீர்கள், உதிர்ந்த இழை குழாயை அடைத்தால் பிளம்பர் கேட்கிற காசில் பத்து ஸ்கார்ஃப் வாங்கலாம். டவலில் சுருட்டிப் பிழிந்து, ஈரமாக இருக்கும்போதே கம்பளி சூட்டில் இஸ்திரி போட்டு, ஓரங்களை இழுத்து நேராக்கி, தட்டையாகக் காயவைக்க வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் எடையில் நீண்டு, கிளிப் போட்ட இடத்தில் காது முளைக்கும்.

மொத்தம் நாலைந்து மணி நேர வேலை. ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. விரித்ததை நனைக்காமல் மேலே ஷீட் போட்டு மூடி இரவு அப்படியே விடலாம். நனைத்த பிறகு ஒருநாள் தாண்டக் கூடாது, ஈரக் கம்பளி நாற ஆரம்பித்துவிடும்.

இதில் கை பழகியவர்களுக்குத் துணியோடு சேர்த்துச் செய்கிற நூனோ ஃபெல்ட் என்று ஒன்று இருக்கிறது. 1992 வாக்கில் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த பாலி ஸ்டெர்லிங் என்ற கலைஞர் உருவாக்கிய முறை. மெல்லிய பட்டுத் துணியின் மேல் அங்கங்கே கம்பளியைப் போட்டுத் தேய்த்தால், இழை துணியின் கண்கள் வழியாகப் புகுந்து மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். கம்பளி சுருங்கும், பட்டு சுருங்காது. அதனால் பட்டு முழுக்கச் சின்னச் சின்னச் சுருக்கங்களாக எழும்பி நிற்கும். ஆஸ்திரேலிய வெப்பத்துக்குத் தோதான, எடையே இல்லாத ஸ்கார்ஃப். பழைய ஷிஃபான் புடவைக்கு இதைவிட நல்ல கதி எனக்குத் தெரியவில்லை. துணியை வாயருகில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு அந்தப் பக்கம் போனால் கம்பளியும் போகும். காஞ்சிபுரம் பட்டு நெருக்கமான நெசவு, போகாது. போனாலும் வீட்டுக்குள் உங்களை விடமாட்டார்கள். நூனோவுக்கு விரிக்கும்போது இரட்டிப்புப் பொறுமை வேண்டும், ஆரம்பத் தேய்ப்பும் இரண்டு மடங்கு. தண்ணீரும் ஆரம்பத்தில் சூடாக இருக்கக் கூடாது. கம்பளி துணிக்குள் புகுவதற்கு முன்பே தன்னோடு தானே ஒட்டிக்கொண்டுவிட்டால், காய்ந்ததும் ஸ்டிக்கராக உரிந்து வரும்.

தமிழ்நாட்டில் இருந்து செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். மெல்பர்ன் தண்ணீர் மென்மையானது, சோப்பு உடனே வேலை செய்யும். போர் தண்ணீரில் சோப்பு திரிந்து, வெள்ளைப் பிசுக்காகக் கம்பளியில் படியும், எவ்வளவு அலசினாலும் போகாது. தேய்ப்பதற்குக் கேன் தண்ணீரைச் சுடவைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஸ்கார்ஃபுக்கு மூன்று நான்கு லிட்டர் போதும். அடுத்தது, கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி மையம் இருக்கிறது; பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு, நீலகிரி ஆட்டின் மயிரும் மென்மையானதுதான். ஆனால் ஆட்டிலிருந்து வெட்டிய மயிரை அப்படியே பயன்படுத்த முடியாது. எண்ணெய்ப் பிசுக்கும் முள்ளும் புழுக்கையும் சேர்ந்திருக்கும், கழுவிச் சீவுவதே தனித் தொழில். முதல் ஸ்கார்ஃபுக்குச் சீவிய டாப்ஸையே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள்.

துவைப்பது பற்றிப் பயப்பட வேண்டாம், அடிக்கடி தேவையும் படாது. வேர்வை வாசனை வந்தால் ஒரு ராத்திரி ஜன்னல் ஓரம் தட்டையாகப் போட்டாலே போய்விடும். அழுக்கானால் பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பூ விட்டு, அழுத்தி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது மட்டும் கண்டிப்பாகத் துவைத்து, முழுக்கக் காயவைத்து, காற்றுப் புகாத கவரில் போட்டு மூடுங்கள். அந்துப்பூச்சிக்குக் கழுத்து வேர்வை படிந்த கம்பளி என்றால் உயிர். ஏற்கெனவே பூச்சி வந்திருக்குமோ என்று சந்தேகமிருந்தால் கவரோடு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்து எடுக்கலாம். ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் ஸ்கார்ஃப் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள், அதற்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.